மாலைப் பயிற்சியும் உணவு வேளையும்



அரசர் எந்த ஆண்டில் முடிசூடினர், எந்தக் களத்தில் வென்றனர் என்பனவற்றை வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. அவர்தம் வீரர் எந்த வேளையில் உண்டனர், உண்டபின் எவ்வளவு பொழுது கழித்துப் போர்ப்பயிற்சிக்குச் சென்றனர் என்பனவற்றைத் தேடிப் பார்த்தால் ஓரிரு வரிகளே கிடைக்கும். ஆனால் இன்று மாலை நேரத்தில் சிலம்பமோ மற்போரோ ஜூடோவோ கராத்தேயோ பழகுகின்ற இளைஞனுக்கு முதற்கவலை அதுதான். பகலெல்லாம் அலுவலகத்திலோ ஆலையிலோ கல்லூரியிலோ இருந்துவிட்டு அவன் பயிற்சிக்கு வருகிறான். உண்ணாமல் வந்தால் தலை சுற்றுகிறது. உண்டு வந்தால் வயிறு புரட்டுகிறது. பயிற்சி முடிந்து இரவு பத்து மணிக்கு வயிறு நிறைய உண்டால் உறக்கம் பிடிப்பதில்லை. "ஐயா, நான் எப்போதுதான் உண்பது?" என்று என் ஆசிரியப் பணிக் காலத்தில் என்னைக் கேட்ட மாணவர் பலர். வினா சிறிதாகத் தோன்றினும் அதற்குப் பின்னே நீண்டதொரு வரலாறு இருக்கின்றது. அதனை இன்று சுருக்கமாக உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பண்டை மருத்துவர்கள் இதைப்பற்றிச் சிந்தித்திருக்கின்றனர். ஆசியா மைனரில் பெர்காமம் என்ற நகரில் பிறந்தவர் காலன் என்னும் கிரேக்க மருத்துவர். கி.பி. 157ஆம் ஆண்டளவில் அந்நகரத்துக் கிளாடியேட்டர்களுக்கு, அதாவது மக்கள் முன்னிலையில் ஆயுதம் ஏந்திப் பொருத வீரர்களுக்கு, அவர் மருத்துவராக அமர்ந்தார். உடல்நலம் பேணுதல் பற்றி அவர் எழுதிய நூலில் உடற்பயிற்சிக்குரிய வேளையைக் குறிக்கின்றார். முன் உண்ட உணவு முற்றும் செரித்து, அடுத்த உணவுக்குரிய வேளை நெருங்கும்போது பயிற்சி செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. செரித்துவிட்டதா என்பதைச் சிறுநீரின் நிறங்கண்டு அறியலாம் என்றும் அவர் கூறினார். உரோம நாட்டு அறிஞர் செல்சஸ் என்பாரும் பயிற்சி முன்னும் உணவு பின்னுமாக அமையவேண்டும் என்றே எழுதினார்.

நம் நாட்டு ஆயுர்வேத நூல்களும் இதனோடு ஒத்துப் போகின்றன. உடற்பயிற்சி செய்யத் தகாதவர் யாவர் என்று சுசுருத சங்கிதை ஒரு பட்டியல் தருகின்றது. அப்பட்டியலில் அப்போதுதான் உண்டவனும் இருக்கிறான். நீர்வேட்கையால் வாடுபவனும் இருக்கிறான். ஒருவன் தன் வலிமையில் பாதியளவே பயிற்சியில் செலவிடவேண்டும் என்பது அந்நூலோர் வகுத்த அளவு. நம் திருக்குறளிலோ 95ஆம் அதிகாரத்திற்குப் பெயர் மருந்து. அங்கே மூலிகைகளின் பெயரைத் தேடுவார் ஏமாந்து போவர். அளவறிந்து உண்ணலும் செரித்தபின் உண்ணலுமே அங்குப் பெரிதும் பேசப்படுகின்றன. கிரேக்கமும் வடமொழியும் தமிழும் தத்தம் வழியில் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்திருப்பதைக் காண்கின்றோம்.

ஆனால் இந்த முடிவை நடைமுறையில் கைக்கொள்ளக் கூடியவர் யார்? சண்டையே தொழிலாகக் கொண்டவருக்கு அது எளிது. கிளாடியேட்டர்களை உரோமர் வாற்கோதுமை உண்போர் என்று பட்டப்பெயரிட்டு அழைத்தனர். துருக்கி நாட்டில் எபேசஸ் நகரின் இடிபாடுகளிடையே கிளாடியேட்டர்களின் இடுகாடு ஒன்று 1993இல் கண்டறியப்பட்டது. அங்குக் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த அறிஞர்கள், அவர்களுடைய உணவில் தானியமும் பருப்பு வகைகளுமே மிகுந்திருந்தன என்று 2014இல் வெளியிட்டனர். ஜப்பான் நாட்டுச் சுமோ மல்லர்களின் நாளோ இன்னும் ஒழுங்காக வகுக்கப்பட்டது. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி தொடங்கும். நண்பகலை ஒட்டி, இறைச்சியும் மீனும் காய்கறியும் சேர்த்து ஒரே பானையில் வேகவைத்த சாங்கோ என்னும் உணவை வயிறார உண்பர். உண்டபின் உறங்குவர். இவர்கள் யாவருக்கும் பயிற்சியே தொழில். ஆதலின் நாள் முழுவதும் பயிற்சியைச் சுற்றியே அமைந்தது. உணவு வேளையைப்பற்றித் தனியே கவலைப்பட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

பகலில் வேறொரு தொழில் செய்து மாலையில் பழகுபவனின் நிலை வேறு. நம் சிற்றூர்களில் சிலம்பம் பயின்ற உழவர் இவ்வகையினர். நான் பிறந்து வளர்ந்தது ஆற்றுப் பாசனமுள்ள ஒரு சிற்றூர். 1960களின் இறுதியில் எங்கள் ஊர் உழவுத் தொழிலாளர் வீடுகளில் உலை ஏறியது பெரும்பாலும் அந்தி வேளையில் மட்டுமே. காலையில் பழைய சோறு. நண்பகலில் வரப்பில் அமர்ந்து குடிக்கும் கஞ்சி அல்லது கூழ். கூலியை நெல்லாகவே அளப்பர். அந்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, குத்தி, புடைத்து அரிசியாக்கிய பிறகே அடுப்பு மூட்டுவர். ஆடவர் ஏரவிழ்த்து, மாடுகளைக் கட்டி, கைகால் கழுவிக்கொண்டு களத்துமேட்டில் கூடுவர். ஆசான் அங்கே காத்திருப்பார். இருட்டி நெடுநேரமாகும்வரை கம்பு சுழலும். பயிற்சி முடித்து வீடு திரும்பும்போது சோறு வடித்துச் சூடாக இருக்கும்.

காலன் கூறிய விதி அங்கே யாரும் கற்பிக்காமலே நிறைவேறியது. நண்பகற் கஞ்சி செரித்துவிட்டது. இராச்சோறு இன்னும் வரவில்லை. இடைப்பட்ட பொழுதில் பயிற்சி. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆடவர் கம்பு சுற்றிய அதே பொழுதில் பெண்கள் உலக்கை பிடித்தனர். அவர்களும் பகலெல்லாம் நடவு நட்டுக் களைத்து வந்தவர்களே. ஒருவர் பயிற்சிக்கு வேளை வாய்த்ததெனில், அவருக்காக மற்றொருவர் அடுப்படியில் நின்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

எங்கள் ஊர் ஆசான் படித்தவரல்லர். கம்பைக் கையில் கொடுக்குமுன் ஒவ்வொருவரையும் பார்த்து, "சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்பார். இப்போதுதான் உண்டேன் என்பவனை ஓரத்தில் உட்கார வைத்துவிடுவார். சற்றுப் பொழுது சென்றபின் காலடி மட்டும் பழகச் சொல்வார். காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொல்பவனுக்குத் தம் மடியிலிருந்து ஒரு துண்டுக் கருப்பட்டியும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுப்பார். அவனுக்கும் அன்று காலடி மட்டுமே. உண்டவனையும் உண்ணாதவனையும் அவர் ஒரே தட்டில் வைத்து நிறுத்திய காரணம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்து, சுசுருதரின் பட்டியலைப் படித்தபோதுதான் விளங்கிற்று.

இனி, ஆலைகள் தோன்றிய காலத்திற்கு வருவோம். உழவன் கதிரவனைப் பார்த்து வேலை செய்தான். ஆலைத் தொழிலாளி சங்கொலியைக் கேட்டு வேலை செய்தான். பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் எந்திரத்தின்முன் நின்றவனுக்கு மாலை என்று ஒன்று மிஞ்சவில்லை. இங்கிலாந்தில் 1847ஆம் ஆண்டுச் சட்டம், நெசவாலைகளில் பணிபுரிந்த பெண்களுக்கும் இளையோருக்கும் வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைத்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் உணவுக்கென ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியதோடு, சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கே அவர்கள் வேலையை நிறுத்தவும் வழி செய்தது. அந்நாட்டில் சனிக்கிழமைப் பிற்பகல் விளையாட்டுக்குரிய பொழுதாக வளர்ந்ததற்கு இந்த ஓய்வு ஒரு பெருங்காரணம்.

இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளின் வேலையை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமாகக் குறைத்தது. வளர்ந்த ஆடவருக்கு அது எவ்வரம்பும் விதிக்கவில்லை. 1911இல் நெசவாலை ஆடவருக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்னும் வரம்பு வந்தது. 1922இல் அது பதினொன்றாயிற்று. 1934இல் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் பத்தாயிற்று. நாடு விடுதலை பெற்றபின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வகுத்தது. ஐந்து மணி நேரத்துக்குமேல் இடைவிடாது வேலை வாங்கலாகாது என்றும், இடையில் குறைந்தது அரைமணி ஓய்வு தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஆலைகளில் சிற்றுண்டிச்சாலை அமைக்கவும் அது வழி கோலியது. பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்கு இறங்க முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று மணி நேரத்திற்குள்தான் இன்று மாலைப் பயிற்சிக் கூடங்கள் இயங்குகின்றன.

இவை தாமாக வந்தவை அல்ல. சென்னையில் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு, வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் முதலியோர் அதனை வளர்த்தனர். அந்நாளைய ஆலைத் தொழிலாளரின் முறையீடுகளுள் நண்பகல் உணவுக்கு விடும் பொழுது போதவில்லை என்பதும் ஒன்று. கைகழுவி, உண்டு, மீண்டும் எந்திரத்தின்முன் வந்து நிற்க அந்நேரம் பற்றவில்லை. உணவு வேளை என்பது தனிமனிதனின் வயிற்றைப்பற்றிய செய்தி மட்டுமன்று. அது உரிமையைப்பற்றிய செய்தியும் ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பிற பணி செய்வோரும் மாணவரும் பழகத்தக்க முறையில் ஒரு போர்க்கலையை ஒழுங்குபடுத்திய பெருமை ஜப்பானிய ஆசிரியர் ஒருவருக்கு உண்டு. அவர் பெயர் ஜிகோரோ கானோ. 1882ஆம் ஆண்டு, தம் இருபத்தொன்றாம் வயதில், தோக்கியோ நகரத்து எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்த ஒரு சிறு கூடத்தில் அவர் ஜூடோப் பயிற்சியைத் தொடங்கினார். கோடோக்கான் என்பது அப்பள்ளியின் பெயர். அதே ஆண்டில் அவர் ஒரு கல்விக்கூடத்தில் ஆசிரியராகவும் சேர்ந்தார். பின்னர் 1893 முதல் 1920 வரை, சில இடைவெளிகள் நீங்கலாக, தோக்கியோவின் உயர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்குத் தலைவராக விளங்கினார். உடலின் ஆற்றலையும் உள்ளத்தின் ஆற்றலையும் வீணாக்காமல் நன்கு பயன்படுத்துக என்பது அவர் நெறி. 1938இல் அவர் மறைந்தார். 1964இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் ஜூடோ இடம்பெற்றது. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் நான் அவரைப் பெரிதும் மதிக்கின்றேன். ஆற்றலை வீணாக்காதே என்னும் அந்நெறியை உணவு வேளைக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

வயிற்றினுள் என்ன நிகழ்கிறது என்பதை மனிதன் கண்ணால் கண்டது ஒரு விபத்தின் பயனாக. 1822ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞன் துப்பாக்கிக் குண்டால் காயமுற்றான். உயிர் பிழைத்தான், ஆனால் வயிற்றில் ஏற்பட்ட துளை மூடவில்லை. அவனுக்கு மருத்துவம் செய்த வில்லியம் போமண்ட், அத்துளையின் வழியே உணவு செரிப்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1833இல் ஒரு நூல் வெளியிட்டார். வேகவைத்த அரிசி ஒரு மணி நேரத்தில் செரித்தது. வறுத்த பன்றி இறைச்சிக்கு ஐந்தேகால் மணி ஆயிற்று. மென்மையான உழைப்பு செரிமானத்துக்குத் துணைபுரிகிறது என்றும், உடலை வருத்தும் கடும் உழைப்பு அதனைத் தாமதப்படுத்துகிறது என்றும் அவர் குறித்தார். காரணம் இன்று நமக்குத் தெரியும். உண்டபின் குடலுக்கு மிகுதியான குருதி வேண்டும். கடும் பயிற்சியின்போது தசைகளுக்கு மிகுதியான குருதி வேண்டும். இரண்டும் ஒரே பொழுதில் கேட்டால் உடல் தசைகளின் பக்கம் சாய்கிறது. வயிற்றிலுள்ள சோறு அப்படியே நிற்கிறது. குமட்டலும் விலாவலியும் அதனால் வருவனவே.

வெறும் வயிற்றின் தீங்கும் அளந்தறியப்பட்டது. 1924இல் பாஸ்டன் நகர மராத்தான் ஓட்டத்தின் முடிவில் ஓட்டக்காரர்களின் குருதியை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். சோர்ந்து தள்ளாடி வந்தவர்களின் குருதியில் சர்க்கரை மிகக் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு ஓட்டத்துக்குமுன் மாவுச்சத்துள்ள உணவும், ஓட்டத்தினிடையே இனிப்பும் அளித்தபோது அந்நிலை நீங்கியது. களத்துமேட்டு ஆசானின் கருப்பட்டித் துண்டு எவ்வளவு பொருளுடையது, பார்த்தீர்களா?

நீரைப்பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். இது துயரமான செய்தி. 1997ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்லர்கள் உயிரிழந்தனர். போட்டிக்குரிய எடைப்பிரிவில் அடங்கவேண்டி, நீர் அருந்தாமல், வெப்பமான அறைகளில் உடல் வியர்க்க வியர்க்கப் பயின்றதே காரணம். அதன் பின்னரே எடை குறைப்பு முறைகளுக்கு அங்குக் கடுமையான விதிகள் வந்தன. நீர்வேட்கையால் வாடுபவன் பயிற்சியைத் தவிர்க்கவேண்டும் என்ற பழைய நூலின் எச்சரிக்கை நினைவில் இருக்கட்டும். எடை குறைப்பதற்காக உண்ணாமலும் பருகாமலும் பயிற்சிக்குச் செல்லும் இளைஞரை இன்றும் நான் காண்கின்றேன். அவர்களுடைய பெற்றோரும் ஆசான்களும் இதனைக் கண்டும் காணாமல் இருத்தல் கூடாது.

இதுவரை எப்போது உண்பது என்று பேசினோம். அவ்வினாவை எழுப்ப வேண்டுமானால் உண்பதற்கு ஏதேனும் இருக்கவேண்டும் அல்லவா? 1920இல் சென்னை மாநகராட்சி, பி. தியாகராயச் செட்டியாரின் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் குழந்தைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. 1956இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் விரித்தார். 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2022இல் மு. க. ஸ்டாலின் காலத்தில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் வந்தது. பள்ளியில் உடற்பயிற்சி வேளை முதல் மணியில் அமைந்தால் வாடிப்போகும் பிள்ளைகள், பிற்பகலில் அமைந்தால் துள்ளி ஓடுவதை நான் கண்டிருக்கின்றேன். இடையில் அவர்கள் பெற்றது ஒரு வேளைச் சோறு. அவர்களுடைய சோம்பல் என்று நாம் எண்ணியிருக்கக் கூடியது பசியே ஆகும். ஆகவே உங்களோடு பயிற்சிக்கு வருபவன் ஒருவன் அடிக்கடி சோர்ந்து அமர்ந்தால், அவன் உண்டானா என்று முதலில் கேளுங்கள், மெல்லக் கேளுங்கள்.

இப்போது அந்த இளைஞனின் வினாவுக்கு விடை கூறலாம். மாலை ஆறரை மணிக்குப் பயிற்சி என்று கொள்வோம். நண்பகல் ஒரு மணிக்குரிய சாப்பாட்டைக் குறைக்காதே. உன் மாலைப் பயிற்சிக்கு அதுவே முதல். அதற்கும் பயிற்சிக்கும் இடையே ஐந்தரை மணி நேரம் இருப்பதால், ஐந்து மணியளவில் இரண்டு இட்டலியோ, ஒரு வாழைப்பழமோ, சிறிது அவலோ உட்கொள். எண்ணெய்ப் பலகாரம் அந்த வேளைக்கு ஆகாது. வடையும் பச்சியும் நெடுநேரம் வயிற்றில் தங்கும். நீரைச் சிறிது சிறிதாக அருந்து. பயிற்சி முடிந்து வியர்வை ஆறியபின் இராவுணவைத் தள்ளிப்போடாதே. சோறும் பருப்பும், முட்டை உண்பவராயின் முட்டையும், மோரும் போதும். தசைகள் இழந்ததை மீளப்பெற இவை உதவும். வயிறு முட்ட உண்டு உடனே படுக்காதே. நோன்பு நோற்கும் நாட்களில் கடும் பயிற்சியை நோன்பு துறந்து சற்றுப் பொழுது சென்றபின் வைத்துக்கொள்க. நீரிழிவு உடையவர்கள் தம் மருத்துவரைக் கேளாமல் உணவு வேளையை மாற்றலாகாது.

இவற்றுள் புதியது ஒன்றுமில்லை. பெர்காமத்து மருத்துவரும் எழுத்தறியாத சிலம்ப ஆசானும் அறிந்தவைதாம் இவை. ஆனால் வேலை முடிந்தபின் ஒரு மாலைப் பொழுதும், அம்மாலைக்கு முன்னும் பின்னும் ஒரு பிடி உணவும் எல்லோருக்கும் வாய்க்க வேண்டுமென்று பலர் பாடுபட்டனர். அதனால் கிடைத்த பொழுதை வெறும் வயிற்றோடும் வீணாக்காதீர்கள். நிறைந்த வயிற்றோடும் வீணாக்காதீர்கள். உங்கள் வீட்டில் இராச்சோற்றைச் சமைத்து வைத்துக் காத்திருப்பவர் பகலில் எப்போது உண்டார் என்பதையும் இன்று ஒருமுறை கேட்டறியுங்கள்.